லவுஞ்சில் ஒரு கிங்ஸ்மீட்: கையால் மட்டை வீசி ஆடும் கிரிக்கெட் கேம் செய்வது எப்படி

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டு லவுஞ்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே இரண்டரை மீட்டர் இடம். தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் கண்ணாடி அலமாரி, வெளியே கோடை மழை. உள்ளே தாத்தாவும் பேத்தியும் மாறி மாறி மட்டை பிடிக்க வேண்டும். டர்பனின் கிரிக்கெட் மைதானமான கிங்ஸ்மீட்டை அந்த அறைக்குள் கொண்டுவரும் கேம் இது.

வேலையில் இறங்கும் முன் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். எவ்வளவு வேகமாகக் கையை வீசுகிறாரோ அவ்வளவு ரன் என்று வைத்தால் கேம் இரண்டே நாளில் சலித்துவிடும், தோளும் வலிக்கும். எந்தப் பந்தை விடுவது, எதைத் தட்டி நிறுத்துவது, எதை அடிப்பது என்ற தீர்மானம்தான் மட்டையாட்டம். ஆகவே மட்டை அசையாமல் நின்றால் அதையும் கேம் ஓர் ஆட்டமாகவே படிக்க வேண்டும். கீழே வரும் எண்கள் பெரும்பாலும் இதற்காகத் தேர்ந்தவைதான்.

கேமராவா, போனா, சென்சார் மட்டையா?

கேமரா வைத்து உடலைப் படிப்பது பார்க்க எளிது. மீடியாபைப் போஸ் என்ற மென்பொருள் உடலில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். 15, 16 மணிக்கட்டுகள், 27, 28 கணுக்கால்கள். ஆனால் சாதாரண வெப்கேம் விநாடிக்கு 30 படம்தான் எடுக்கும், அதாவது 33 மில்லி விநாடிக்கு ஒன்று. ஓரளவு வேகமான வீச்சில் மட்டை விநாடிக்கு 1,150 டிகிரி சுழலும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மட்டை 38 டிகிரி திரும்பியிருக்கும், மணிக்கட்டும் மங்கலாகவே பதிவாகும். மட்டையைப் படிக்கக் கேமரா போதாது. கால் முன்னே போனதா, பின்னே போனதா என்று பார்க்க மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கணுக்கால் மெதுவாகத்தான் நகரும்.

கையில் போனைப் பிடித்து ஆடுவது முதல் மாதிரிக்கு நல்லது. பிரவுசர் வழியாகச் செய்தால் ஆண்ட்ராய்டு குரோம் விநாடிக்கு 60 அளவுகளுக்கு மேல் தராது. ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல், பயனர் ஒரு பொத்தானைத் தொட்டு அனுமதி தந்தால்தான் சென்சார் திறக்கும். பக்கமும் பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும். இது தெரியாமல் "ஐபோனில் மட்டும் எல்லாம் பூஜ்யம் வருகிறதே" என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். ஆண்ட்ராய்டில் தனிச் செயலியாகச் செய்தால் 200 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் போன் கையிலிருந்து நழுவி டிவியில் போய் விழும். மணிக்கட்டுப் பட்டி இல்லாமல் ஒருவரையும் ஆட விடாதீர்கள்.

நிலையான தீர்வு, சென்சார் பொருத்திய தனி மட்டை.

மட்டையைக் கட்டுவது

பிள்ளைகளுக்கான பிளாஸ்டிக் மட்டையோ ஃபோம் மட்டையோ போதும். எல்லாம் பொருத்தியபின் எடை 350 முதல் 450 கிராமுக்குள் இருக்கட்டும். உண்மையான மட்டை 1.1 கிலோவுக்கு மேல். லவுஞ்சில் அதை வீசக் கூடாது.

உள்ளே போக வேண்டியவை: சுழற்சியையும் முடுக்கத்தையும் அளக்கும் ஓர் எம்பியூ-6050 சென்சார், வைஃபை உள்ள சிறு கணினியான ஓர் இஎஸ்பி32 போர்டு, 3.7 வோல்ட் 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி, நாணய வடிவ அதிர்வு மோட்டார் ஒன்று, அதை இயக்க 2என்2222 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே திருப்பிப் போட ஒரு டயோடு, ஒரு சுவிட்ச். மோட்டாரை நேரடியாக போர்டின் பின்னில் மாட்டாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தப் பின் தாங்காது.

போர்டு வாங்கும்போது பேட்டரி சாக்கெட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டர் ஏறத்தாழ 1.1 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 3.7 வோல்ட் பேட்டரியை அதன் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால் சிப்புக்கு 2.6 வோல்ட்தான் போய்ச் சேரும். மேசைமேல் விளக்கு எரியும், நிரலும் ஓடும். வைஃபை அனுப்பத் தொடங்கிய நொடியில் போர்டு அணைந்து மறுபடி எழும். சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுவார்கள். குறை மின்னழுத்தத்தில் இருக்கும்.

தனியாக டிபி4056 சார்ஜர் வைத்தால் இன்னொரு கவனம் வேண்டும். கடையில் வரும்போது அது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வரும். இந்தச் சிறிய பேட்டரிக்கு அது அதிகம், சூடேறும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோ ஓம் வையுங்கள், 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்.

சென்சாரை எங்கே ஒட்டுவது? கைப்பிடியின் மேல் நுனியில். காரணம் எளிய கணக்கு. மட்டை விநாடிக்கு 20 ரேடியன் (சுமார் 1,150 டிகிரி) சுழலும்போது, சுழலும் மையத்திலிருந்து 0.9 மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளியில் மையநோக்கு முடுக்கம் 20 × 20 × 0.9, அதாவது 360. புவியீர்ப்பைப் போல 36 மடங்கு. எம்பியூ-6050 அதிகபட்சம் 16 மடங்குதான் அளக்கும். 0.3 மீட்டரில் இருந்தால் 12 மடங்கு, எல்லைக்குள் அடங்கும். அடிப்பகுதியில் ஒட்டியவர்களுக்கு நல்ல அடியெல்லாம் ஒரே எண்ணாக வெட்டுப்பட்டு வருவது இதனால்தான்.

சென்சாரை இரட்டைப் பக்க டேப்பில் மட்டும் விடாதீர்கள். சூட்டுப் பசையும் போட்டு, அதன் ஓர் அச்சு கைப்பிடி நெடுகவும், இன்னோர் அச்சு மட்டையின் முகத்திலிருந்து வெளியேயும் போகும்படி நிறுத்தி, மேலே பேனாவால் அம்புக்குறி வரையுங்கள். பிறகு திறந்து பார்க்க வேண்டிவந்தால் அந்த அம்புக்குறிதான் காப்பாற்றும்.

சென்சாரிலிருந்து கணினிக்கு

மின்சாரம் கொடுத்ததும் எம்பியூ-6050 தூங்கிக்கொண்டுதான் இருக்கும். சென்சாரின் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேடுகளில் (ரெஜிஸ்டர்) 107-ஆவதில் 0 எழுதி எழுப்புங்கள். 27-இலும் 28-இலும் 24 எழுதினால், சுழல்வேகத்தைச் சொல்லும் ஜைரோ விநாடிக்கு 2,000 டிகிரி வரையும், முடுக்கத்தைச் சொல்லும் ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பின் 16 மடங்கு வரையும் அளக்கும். 26-இல் 2 எழுதுங்கள்; இது உள்வடிகட்டி, தாமதம் சுமார் 3 மில்லி விநாடி. "எண்கள் குதிக்கின்றன" என்று அங்கே 6 போட்டால் எண்கள் வழுவழுப்பாகும், ஆனால் 19 மில்லி விநாடி தாமதம் ஏறிவிடும். 10 மில்லி விநாடி தவறினாலே மட்டையின் கோணம் 11 டிகிரி தவறும் விளையாட்டு இது. நடுக்கத்தைப் பின்னால் சரிசெய்யலாம், போன நேரம் திரும்பி வராது.

விநாடிக்கு 200 முறை படித்து, வைஃபையில் யூடிபி (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) பொட்டலமாக அனுப்புங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் வரிசை எண், மட்டையின் சொந்தக் கடிகார நேரம், கடைசி நான்கு அளவுகள் இருக்கட்டும். ஒன்றிரண்டு பொட்டலம் தொலைந்தாலும் அடுத்ததில் விட்டது வந்துவிடும். கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது முன்பின்னாக ஆடும். இஎஸ்பி32-இன் வைஃபை மின்சேமிப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் சில பந்துகள் சரியாகவும் சில பந்துகள் பத்து மடங்கு தாமதமாகவும் வரும். காரணம் தெரியாமல் தலை சுற்றும்.

வீட்டு ரௌட்டர் வேண்டாம், மடிக்கணினியின் ஹாட்ஸ்பாட் போதும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்து ரௌட்டரும் டிவியும் அணைந்தாலும், மடிக்கணினியும் மட்டையும் பேட்டரியில் ஓடும், ஆட்டம் நிற்காது.

பந்து வருமுன் தரையில் ஒரு தட்டு

மட்டையாளர் பலரும் பந்துவீச்சாளர் ஓடி வரும்போது மட்டையைத் தரையில் மெல்லத் தட்டுவார்கள். பார்ப்பவருக்குப் பழக்கம், கேமுக்கு அது பொற்காசு. ஜைரோவுக்கு ஒரு குறை உண்டு: சும்மா இருக்கும்போதும் சிறிது சுழல்வதாகச் சொல்லும். அது சேர்ந்து சேர்ந்து ஐந்து நிமிடத்தில் மட்டை பந்துவீச்சாளரை விட்டு ஸ்கொயர் லெக்கைப் பார்க்கத் தொடங்கும். திசைகாட்டி போன்ற காந்தமானி சேர்த்துச் சரிசெய்யலாம் என்பார்கள். டிவியும் ஸ்பீக்கரும் இரும்புக் கம்பி ஓடும் சுவரும் உள்ள அறையில் அது நம்பத்தக்கதல்ல.

மாறாக ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மறுபடி பூஜ்யம் வையுங்கள். ஜைரோவின் மொத்த அளவு விநாடிக்கு 25 டிகிரிக்குக் கீழேயும், ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பின் 0.95 முதல் 1.05 மடங்குக்குள்ளும் 300 மில்லி விநாடி நின்றால், மட்டை நிலையாக இருக்கிறது. அந்த நேரத்து ஜைரோ சராசரியைப் பிழையாக எடுத்துக் கழியுங்கள். சாய்வைப் புவியீர்ப்பிலிருந்து எடுங்கள். திசையை "நேரே பந்துவீச்சாளர்" என்று வையுங்கள். அதன்பின் ஒரு தட்டு வந்தால்தான் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கட்டும். பொத்தானே வேண்டாம், ஏழு வயதுப் பேத்தியும் எழுபது வயது ஆயாவும் ஒரு விளக்கமும் இல்லாமல் செய்துவிடுவார்கள்.

தட்டின் வலிமை தரையைப் பொறுத்தது. டைல்ஸில் கூர்மையாக வரும், கம்பளத்தில் அமுங்கி வரும். தொடக்கத்தில் ஐந்து முறை தட்டச் சொல்லி, அதன் நடு அளவில் பாதியை எல்லையாக வையுங்கள்.

வீச்சைப் படிப்பது

ஆக்சிலரோமீட்டரை இரண்டு முறை தொகுத்து மட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். புவியீர்ப்பில் 2 சதவீதம் பிழை இருந்தால்கூட பத்து விநாடியில் மட்டை பத்து மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இடம் தெரிய வேண்டியதில்லை. திசையும் சுழல்வேகமும் போதும்; மட்டையாளர் கிரீஸில்தான் நிற்கிறார்.

திசைக்கு, ஜைரோவையும் ஆக்சிலரோமீட்டரையும் சேர்த்துக் கணக்கிடும் மேட்ஜ்விக் வடிகட்டி நன்றாக வேலை செய்யும். ஒரே நிபந்தனை: வீச்சின்போது ஆக்சிலரோமீட்டர் சொல்வதைக் கேட்கக் கூடாது. மொத்த முடுக்கம் 0.9 முதல் 1.1 மடங்குக்குள் இருக்கும்போது மட்டும் திருத்துங்கள். இல்லையேல் மையநோக்கு விசையைப் புவியீர்ப்பு என்று நம்பி, அடிக்கும் நொடியில் மட்டை கோணலாகும்.

வீச்சுக்கு நான்கு நிலைகள்: நிற்பது, தூக்குவது, இறக்குவது, முடிந்தது. அதிகம் கெடுவது தூக்குவதிலிருந்து இறக்குவதற்கு மாறும் இடம். தூக்குவதையே அடியாக எடுத்துக்கொண்டு, பந்து பாதி வழியில் வரும்போதே "போல்டு" சொல்லிவிடும். சுழற்சியின் குறி மாறி, எதிர்த்திசையில் விநாடிக்கு 250 டிகிரியைத் தாண்டி, 40 மில்லி விநாடி தொடர்ந்தால் மட்டும் இறக்கம் என்று கொள்ளுங்கள். 250-க்குக் கீழே மெதுவாக வந்து செங்குத்தாக நின்றால் அது தடுப்பாட்டம். அசைவே இல்லையென்றால் விட்டுவிட்டார்.

மட்டையை எப்படித் தூக்குகிறார் என்பதில் தலையிடாதீர்கள். டர்பனில் பிறந்த ஹாஷிம் அம்லா மட்டையைக் கல்லிப் பக்கமாக அகலத் தூக்கியே ஆடினார். நேராகத் தூக்கினால்தான் ஆட்டம் என்று நிரல் எழுதினால் அம்லாவையும் அவுட் ஆக்கிவிடும். இறங்கி வருவதை மட்டும் மதிப்பிடுங்கள். இடது கையாளருக்குக் குறிகளைத் திருப்ப மறவாதீர்கள். இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி நிரலைத் திருத்த வேண்டிவரும்.

பலத்துக்கு ஒரு விதி. ஒவ்வொருவரும் முதலில் மூன்று முறை சௌகரியமாக வீசட்டும். அதில் மிக வேகமானதில் 80 சதவீதத்தை முழுப் பலம் என்று வையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. ஆயாவின் முழு வீச்சும் இளைஞனின் முழு வீச்சும் அப்போது சமம். கடுமையாக வீசுவதில் லாபமில்லை என்று தெரிந்ததும் யாரும் கண்ணாடி அலமாரியை நோக்கிப் பாய மாட்டார்கள்.

பந்து

ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர், கிரீஸ் ஒவ்வொரு பக்கமும் 1.22 மீட்டர் முன்னால். பந்து கையை விட்டு மட்டையாளரை அடைய 17.7 மீட்டர். மணிக்கு 140 கி.மீ. என்றால் காற்றுத் தடையையும் சேர்த்து அரை விநாடி. டிவியின் தாமதத்தோடு, ஆழம் தெரியாத திரையில், அரை விநாடியில் எவராலும் தீர்மானிக்க முடியாது. பந்து வரும் காலத்தை மட்டும் 1.6 மடங்கு நீட்டுங்கள். திரையில் 140 என்றே காட்டுங்கள். சுழற்பந்துக்கு நீட்ட வேண்டாம்.

ஆழத்தைக் காட்டுவது நிழல். பந்துக்கு நேர்கீழே பிட்ச்சில் கருமையான நிழல் ஓடட்டும். பந்தும் நிழலும் சேரும் இடம்தான் பவுன்ஸ் என்று கண் தானே கற்றுக்கொள்ளும். நிழலை அழகுக்காக மங்கலாக்கினால் எல்லோரும் பந்தைத் தவறவிடுவார்கள். பவுன்ஸுக்குத் தொடக்க மதிப்பாக நிலைக்குத்து வேகத்தில் 0.55 பங்கு, கிடைவேகத்தில் 0.85 பங்கு மிஞ்சட்டும், பிட்ச்சுக்கு ஏற்ப மாற்றலாம்.

காற்றுத் தடையை விட்டுவிடாதீர்கள். 160 கிராம் பந்து 140 கி.மீ. வேகத்தில் போகும்போது தடையால் மட்டும் விநாடிக்கு 10 மீட்டர் என்ற கணக்கில் வேகம் குறையும், ஏறத்தாழப் புவியீர்ப்புக்குச் சமம். விநாடிக்கு 32 மீட்டர் வேகத்தில் 40 டிகிரியில் தூக்கி அடித்த பந்து தடையில்லாமல் 103 மீட்டர் போகும். தடை சேர்த்தால் 70 மீட்டரில் இறங்கும். இதில் இன்னொரு சுவை உண்டு. டர்பன் கடல் மட்டம், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ. ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், அடர்த்தி 1.0 அருகே. அந்த ஓர் எண்ணை மாற்றினால் அதே அடி நாலைந்து மீட்டர் கூடுதலாகப் போகும். கிங்ஸ்மீட்டில் எல்லையில் பிடிபடும் பந்து ஜோகன்னஸ்பர்க்கின் வாண்டரர்ஸில் சிக்ஸர். 2006 மார்ச் 12 அன்று ஆஸ்திரேலியாவின் 434-ஐத் தென்னாப்பிரிக்கா 438 எடுத்து வென்ற மைதானம் அது. உங்கள் கேமிலும் அங்கே ஸ்கோர் ஏறட்டும்.

கேம் எஞ்சினின் மோதல் கணிப்பை மட்டையும் பந்தும் சந்திக்கும் இடத்தில் நம்ப வேண்டாம். கோடோட் எஞ்சினில் இயல்பாக விநாடிக்கு 60 முறை கணக்கு நடக்கும். ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து 65 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும், பந்தின் குறுக்களவோ 7 சென்டிமீட்டர். மட்டைக்குள் புகுந்து பின்னால் போய்விடும். பந்து கிரீஸை எட்டும் நேரத்தைச் சூத்திரத்தால் முன்கூட்டியே கணக்கிட்டு, மட்டை இறங்கிய நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

சந்திப்பு

நேர வித்தியாசம் 30 மில்லி விநாடிக்குள் என்றால் நடு மட்டை. 70 வரை மட்டையில் படும், பலம் பாதி. 110 வரை எட்ஜ். அதற்கு மேல் தவறவிட்டார். டிரைவில் முந்தினால் பந்து லெக் சைடிலும் மேலேயும் போகும், பிந்தினால் ஆஃப் சைடில் போகும். இறங்கும் தளம் செங்குத்தா, படுக்கையா என்பது டிரைவா, புல்லா, கட்டா என்று சொல்லும். யார்க்கருக்குப் படுக்கை மட்டை போட்டால் நேரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் தவறட்டும். ஷார்ட் பந்துக்குச் செங்குத்து மட்டை போட்டால் எட்ஜ் வாய்ப்பைக் கூட்டுங்கள். ஸ்டம்புக்கு வெளியே போகும் நல்ல பந்தை விட்டால் பந்துவீச்சாளரின் களைப்பு ஒரு படி ஏறட்டும், அடுத்த ஓவரில் தளர்ந்த பந்து ஒன்று வரட்டும். விடுவதற்குப் பலன் கொடுக்காத கேமில் யாரும் விட மாட்டார்கள்.

இதெல்லாம் தாமதம் அளந்தபின்தான் பொருள் பெறும். டிவியைக் கேம் முறையில் போடுங்கள். திரையில் ஒரு பந்து விநாடிக்கு ஒருமுறை குதிக்க, அதோடு சேர்ந்து மட்டையைத் தரையில் 12 முறை தட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டை விட்டு, மீதியின் நடு மதிப்பைக் கழியுங்கள். தாளத்துக்குத் தட்டும்போது மனிதர்கள் சற்று முந்தியே தட்டுவார்கள். ஆகவே அதை முழுதாக நம்பாமல், ஆட்டம் நடக்கும்போது கடைசி 12 அடிகளின் நேரப் பிழையைப் பார்த்து, பந்துக்கு 5 மில்லி விநாடிக்கு மேல் போகாமல் நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

பட்ட நொடியில் மோட்டார் 25 மில்லி விநாடி அதிரட்டும். எட்ஜுக்கு 10 போதும். மோட்டார் அதிர்ந்தால் சென்சாரும் அதிரும். அடுத்த 150 மில்லி விநாடி அளவுகளைக் கேட்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு அடிக்கும் பின் ஒரு பொய்த் தட்டு பதிவாகி, பந்துவீச்சாளர் உடனே ஓடிவருவார்.

குரல்

டர்பனில் சில வீடுகளில் பெரியவர் தமிழில் சொல்ல, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். கேமின் குரல் தமிழாக இருந்தால் பிள்ளை அர்த்தம் கேட்காமலே கற்கும், ஏனென்றால் அர்த்தம் திரையில் நடந்துகொண்டிருக்கும். அலங்காரச் சொற்கள் வேண்டாம். "விடு தம்பி, வெளியே போகுது", "நல்லா தடுத்தே கண்ணு", "அய்யோ, எட்ஜு!", "கொஞ்சம் பொறு, முந்திட்டே" என்று வீட்டில் பேசும் தமிழே. ஒவ்வொரு சொல்லும் ஒன்றரை விநாடிக்குள் முடியட்டும். 40 வாக்கியம், ஒவ்வொன்றும் மூன்று விதமாக. ஒன்றையே திரும்பச் சொன்னால் காது மூடிக்கொள்ளும். வீட்டு ஆயாவின் குரலையே போனில் பதிவு செய்து போட வழி வையுங்கள்.

சோதனை

பத்து வயதுக்குக் கீழே ஒருவர், அறுபதுக்கு மேலே ஒருவர், இடது கையாளர் ஒருவர், கிரிக்கெட் ஆடிப் பழகியவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் 24 பந்து: 8 விட வேண்டியவை, 8 தடுக்க வேண்டியவை, 8 அடிக்க வேண்டியவை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஆடியவர் என்ன செய்தார் என்பதை எழுதட்டும். கேம் என்ன படித்தது என்பதோடு ஒப்பிடுங்கள். விட்ட பந்தில் ஒன்றைக்கூட அடியாகப் படித்தால் இறக்க எல்லையை 250-இலிருந்து 20 டிகிரி படியாக உயர்த்துங்கள். தடுப்பை விட்டதாகப் படித்தால் ஜைரோவின் 25 டிகிரி நிலை எல்லையைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.